கைராசிக்காரி கொடுத்த கன்றுகள்

அந்தச் சரிவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவர் குழிக்காரர்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து மற்றவர்களின் ஏலக்காய்த் தோட்டங்களில் கூலிக்குக் குழி வெட்டியே காலத்தை ஓட்டியவர். மழைக்கு முன்னால் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய இலையும் போட்டு ஆறவிட வேண்டும். முதல் மழை இறங்கியதும் கன்று வைக்க வேண்டும். ஆழத்தில் வைத்தால் தூர் அழுகும், மேலாக வைத்தால் காற்றுக்குச் சாயும். அவர் எடுத்த குழியில் வைத்த கன்று அழுகியதாகவோ சாய்ந்ததாகவோ ஒரு புகாரும் வந்ததில்லை. வயதானவர்கள் அவரைக் கண்டால், "நமக்கும் ஒண்ணு எடுத்து வச்சிடப்பா, கடைசி நேரத்துல அலைய வேண்டாம்" என்பார்கள். "உங்க உயரத்துக்கு ரெண்டு ஆள் கூலி ஆகும், பரவாயில்லையா?" என்று அவரும் விடமாட்டார். மனைவி போன அன்றைக்கு மட்டும் மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் குழியை வேறு ஆள்தான் வெட்டினான்.

அதற்கப்புறம் அவர் கேலி பேசி யாரும் கேட்கவில்லை. கூலிக்குப் போவதும் குறைந்துவிட்டது. வீட்டை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் தன் சின்னத் தோட்டத்திலேயே கிடந்தார். பிற்பகலில் மூடுபனி இறங்கும்போது கீழ் வரிசையிலிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் வரும். காய் பறித்துக் கூடை நிறைந்ததும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "இதோ வரேன்" என்று இவரும் இரண்டு எட்டு வைப்பார், பிறகு நின்றுவிடுவார். பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று பயந்தார். குரல் வராத நாட்களில் அதைவிடப் பயமாக இருந்தது.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் கைராசிக்காரி. தொட்டதெல்லாம் துலங்கும் என்பார்களே, அந்த ரகம். தோட்டத்து நடுவில் அவள் வளர்த்த ஒரு தூர், ஒரே வேரில் பல தண்டாய்க் கிளைத்த செடி, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அடியில் தரையெல்லாம் சரம் விட்டு, ஒவ்வொரு பறிப்பிலும் மற்ற தூர்களைப் போல இரண்டு பங்கு காய்த்தது. தாய்த்தூர் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதன் பக்கக்கன்றுகளைக் கேட்காத வீடு இல்லை. விதையில் முளைத்த நாற்று தாயைப் போல வரும் என்று சொல்ல முடியாது. தூரைப் பிரித்து எடுத்த பக்கக்கன்று தாயை அப்படியே உரித்து வைத்திருக்கும். போன வருஷத்துக்கு முந்தைய மழையில் அவள் கை ஓயாமல் பிரித்துக் கொடுத்தாள். கன்றைக் கொடுக்கும்போது வேரை ஈரச்சாக்கில் சுற்றி, பிள்ளையை ஒப்படைக்கிற மாதிரி இரண்டு கையாலும் கொடுப்பாள். ஒரு பைசா வாங்கமாட்டாள்.

அந்த மழையில் மூன்று கன்று வாங்கியவர்களில் அவளுடைய தங்கையும் ஒருத்தி. சின்னவள் தோட்டம் இவர்களுடையதற்கு நேர் கீழே. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில். அக்காவும் தங்கையும் ஒருத்திக்கொருத்தி பேச்சில் சளைத்தவர்கள் இல்லை. மழை முடிந்து வந்த வெயிலில், எல்லையில் நின்ற நிழல் மரம் தன் தோட்டத்தை இருட்டாக்குகிறது என்று சின்னவள் அதன் கிளைகளை வெட்டி இறக்கிவிட்டாள். அவளுக்கு வெளிச்சம் வந்தது. அக்காவுடைய கீழ் வரிசை முழுக்க இலை கருகியது. ஏலச்செடிக்கு நிழல் போனால் உயிர் போன மாதிரி. "என் தலைக்கு மேல இருந்த குடையைப் பிடுங்கிட்டல்ல, இனி எம் மொகத்துல முழிக்காதே" என்றாள் பெரியவள். "முழிக்க வேண்டி நான் ஒண்ணும் தவம் கிடக்கல" என்றாள் சின்னவள். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். பெரியவள் காய்ச்சலில் விழுந்து நான்கே நாளில் போனபோது, சின்னவள் வாசல்வரை வந்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தாள். அவள் முடிவுக்கு வருவதற்குள் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டுவிட்டது.

இதெல்லாம் ஆகி ஒரு பறிப்புக் காலம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் தாய்த்தூரின் இளம் இலையைக் குழிக்காரர் விரித்துப் பார்த்தார். நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிறிய கோடுகள், சீப்பால் வாரிவிட்ட மாதிரி.

கோடு விழுவது என்றால் ஏலத் தோட்டக்காரர்களுக்குத் தெரியும். அதற்கு மருந்து இல்லை. கோடு விழுந்த தூர் உடனே சாகாது. வருஷா வருஷம் குட்டையாகி, காய் குறைந்து, பக்கத்தில் இருப்பதையும் பிடித்துக்கொண்டுதான் சாகும். சின்னப் பூச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகும். நோய் பரவ அதைவிடச் சுலபமான வழி பக்கக்கன்று. கன்று பிரிக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது மாதக்கணக்கில் வெளியே தெரியாது. கண்டவுடன் வேரோடு பிடுங்கி எரிப்பது ஒன்றுதான் வழி.

தாய்த்தூரை அவர் அன்றைக்கே பிடுங்கி எரித்தார். பச்சைத் தண்டு லேசில் பற்றவில்லை, புகைந்துகொண்டே கிடந்தது. புகைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இந்தச் சரிவில் அவள் கொடுத்த கன்று இல்லாத தோட்டம் இல்லை. விஷயம் தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? கொடுத்த கையைத்தான் திட்டும். செத்தும் கெடுத்தாள் என்று சொல்லும். அவளுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு பெயர்தான். அது போனால் அவள் இன்னொரு முறை சாவாள் என்று அவருக்குத் தோன்றியது.

எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஊருக்குத் தெரியாமல் ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கோடு விழுந்ததைத் தானே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்கிற கணக்கு.

காய் பறித்த நாட்களில் பிற்பகல் எல்லாரும் உலர்த்தும் கொட்டகையில்தான் இருப்பார்கள். பச்சைக் காயைத் தட்டில் பரப்பவும், அடுப்பு மூட்டவும், முறைக்குச் சண்டை போடவும் ஆள் சரியாக இருக்கும். அந்த நேரம் பார்த்து, மூடுபனியும் சேர்ந்துகொண்டால், குழிக்காரர் சாக்கோடு கிளம்புவார். தூறலுக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஆணியில் தொங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் அங்கியை எடுத்துக்கொள்வார். அவருடையது கிழிந்து வெகு நாளாயிற்று, தொங்கியது அவளுடையது. அதை மாட்டிக்கொண்டால் அவள் கூட வருகிற மாதிரி இருந்தது என்பதும் உண்மைதான்.

கோடு விழுந்த தூரை வேரோடு எடுத்துச் சாக்கில் திணிப்பார். குழியை அப்படியே விட்டுவிட்டு வர அந்தக் கைக்குத் தெரியாது. மண்ணைத் தள்ளி, மிதித்து, சருகை அள்ளிப் போட்டு, அங்கே செடியே இருந்ததில்லை என்கிற மாதிரி ஆக்கிவிட்டுத்தான் நகர்வார். அந்த நேர்த்திதான் வினையாக முடிந்தது.

முதலில் கவனித்தது ரேடியோ அக்கா. மேல் தோட்டக்காரி, அவளிடம் ஒன்றைச் சொன்னால் தனியாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்பதால் அந்தப் பெயர்.

"திருடனா இருந்தா காயைப் பறிச்சுக்கிட்டுப் போவான். செடியை எதுக்கு எடுக்கிறான்? எடுத்தவன் குழியை எதுக்கு மூடுறான்? அதுவும் எது போயிருக்குன்னு பாருங்க. கைராசிக்காரி கொடுத்தது மட்டும்" என்றாள் கொட்டகையில்.

"உன்னைப் பிடிக்காம கன்று தானே எழுந்து நடந்து போயிருக்கும்" என்றார் கொட்டகைக்காரர். அடுப்பைப் பார்த்துக்கொள்கிற மனிதர். புகை அவர் கண்ணைச் சிவப்பாக்கியிருந்தது, பேச்சையும் கொஞ்சம் காரமாக்கியிருந்தது.

"நீங்க சிரிங்க. முந்தாநாள் மறந்துபோன சாக்கை எடுக்கப் போனேன். பனிக்குள்ள மஞ்ச அங்கி போகுது. அவளோட நடை. முதுகுல மூட்டை. நான் கூப்பிடக்கூட இல்ல, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அவரவர் தோட்டத்தில் போய்ப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு பேருக்கு மஞ்சள் அங்கி கண்ணில் பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கைராசிக்காரி கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று முடிவாயிற்று. ஏன் எடுக்கிறாள்? அவள் சாவுக்கு யார் யார் வரவில்லை, கன்று வாங்கியவர்களில் யார் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்று ஒவ்வொருவரும் தனக்குள் தேட ஆரம்பித்தார்கள். தேடினால் எல்லாருக்கும் ஏதாவது கிடைத்தது.

கொட்டகைத் தூணில் சாய்ந்து குழிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். வாழ்நாள் முழுக்க வெட்டியவருக்கு இப்போதுதான் புறப்பட்டது. அவள் பெயரைக் காப்பாற்றக் கிளம்பி அவளைப் பேயாக்கிவிட்டார். வீட்டுக்குப் போனதும் அந்த அங்கியைப் பார்க்கவே கூசியது. அன்றைக்கு "என்னங்க" என்ற குரல் கோபமாகக் கேட்டது.

சின்னவள் தோட்டத்தில் இருந்த மூன்று தூர்களில் இரண்டை அவர் முன்பே எடுத்திருந்தார். மூன்றாவதில் அப்போது கோடு இல்லை, அதனால் விட்டுவிட்டார். அடுத்த வாரம் சின்னவள் அவரைத் தேடி வந்தாள். அக்கா போனபிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் முறை. அடுப்படிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அக்கா எங்க தோட்டத்துக்கு வந்தா."

அவர் உட்காரப் பலகையை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"எல்லார் வீட்லயும் கொடுத்ததைத் தேடித் தேடி எடுத்துட்டா. எங்கிட்டயும் ரெண்டு எடுத்தா. ஒண்ணை விட்டு வச்சிருக்கா மாமா. யோசிச்சுப் பார்த்தேன். எம்மேல இருந்த கோபத்துக்கு ரெண்டு, மன்னிச்சதுக்கு ஒண்ணு. அப்படித்தானே இருக்கும்?"

அவளுடைய முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை, சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக வற்றிக் கிடந்த முகம் அன்றைக்குத் தெளிந்திருந்தது. "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு சின்னவள் தினமும் அந்தத் தூர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். மேல் வரிசையில் நின்றால் கேட்கும். மரம் வெட்டியதைப் பற்றி, லாரிக்காரன் அனுப்பாத காசைப் பற்றி, சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்து அடித்துக்கொண்டதைப் பற்றி. இவருக்கு வருகிற குரலைப் பற்றி இவர் யாரிடமும் சொன்னதில்லை. அவளோ பட்டப்பகலில் அக்காவோடு உறவு கொண்டாடினாள். கேட்கக் கேட்க அவருக்குப் பயமும் பொறாமையும் ஒன்றாக வந்தன.

இந்த நேரத்தில்தான் ரேடியோ அக்கா கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தாள். அவளிடம் மிச்சமிருந்த தாய்த்தூர் வம்சத்துச் செடி நன்றாகக் காய்க்கிறது. அதை விட மனசில்லை. கைராசிக்காரிக்குத் தெரிந்தது அவள் கொடுத்த இடம் மட்டும்தானே? அந்தத் தூரைப் பல துண்டாகப் பிரித்துத் தோட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் மற்ற செடிகளுக்கு நடுவில் ஒளித்து நட்டுவிட்டாள். பேய்க்கு அடையாளம் தெரியாதாம். யோசனை பிடித்துப்போய் நான்கைந்து வீட்டில் அதையே செய்தார்கள். சிலர் தூரத்துச் சொந்தக்காரர்களின் தோட்டத்துக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினார்கள்.

கொட்டகையில் இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டபோது குழிக்காரருக்கு வியர்த்துவிட்டது. ஒரு தோட்டத்துக்கு ஒரு மூலையில் இருந்த நோயை இப்போது அவர்களே எல்லா மூலைக்கும் நட்டிருக்கிறார்கள். அதைச் செய்ய வைத்தது அந்த அங்கி. இன்னும் ஒரு மழை இப்படியே போனால் சரிவு முழுக்க மொட்டைதான். இத்தனை குடும்பத்தின் சோறு அவர் நாக்கில் தொங்கியது. சொன்னால் மனைவி பெயர் போகும், சொல்லாவிட்டால் ஊரே போகும்.

முதலில் சின்னவளிடம் போனார். மற்றவர்கள் வாயால் அவள் கேட்கக்கூடாது.

அவள் தூருக்கு அருகில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து இளம் இலை ஒன்றை விரித்தார். கோடுகள் வந்திருந்தன.

"அது வெயில் பட்டது மாமா" என்றாள் அவள், அவர் கேட்பதற்கு முன்பே.

"இங்க வெயில் எங்கம்மா விழுது? உனக்கும் தெரியும்."

அவள் அந்த இலையைச் சுருட்டி மூடப் பார்த்தாள்.

"தாய்த்தூர்லயும் இதே கோடுதான். எரிச்சிட்டேன். அவ கொடுத்த கன்றுலயெல்லாம் வந்திருக்கு. உன்னோட ரெண்டையும் எடுத்தது நான்தான். எல்லார் தோட்டத்துலயும் நான்தான். அந்த அங்கியைப் போட்டுக்கிட்டுப் போனது நான். இதுல அப்ப கோடு இல்ல, அதனால விட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

"அப்ப அவ வரவே இல்லையா?"

"இல்லம்மா."

"கடைசியில என்னைக் கேட்டாளா? பொய் சொல்லாதீங்க."

"கேட்கல. காய்ச்சல்ல அவளுக்கு என்னையே தெரியல. யாரு நீங்கன்னு கேட்டா."

அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்டுகளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தாள். அவர் மண்வெட்டியால் வேரை நெம்பினார். லேசில் வரவில்லை. வந்தபோது இருவரும் பின்னால் சாய்ந்து விழுந்தார்கள்.

அன்று பிற்பகல் கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள். குழிக்காரர் இளம் இலை ஒன்றைத் தட்டின்மேல் விரித்து வைத்துவிட்டு, நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னார். ஒளித்து நட்டதையெல்லாம் இன்றைக்கே பிடுங்கி எரித்தாக வேண்டும் என்றார். பேயாக இருந்தவரை அவளிடம் பயம் இருந்தது. பேய் இல்லை என்றதும் பயம் போய் வேறொன்று வந்தது.

"அப்ப மருந்தே இல்லாத நோயைத்தான் கை நீட்டிக் கொடுத்தாளா மகராசி?" என்றாள் ரேடியோ அக்கா. "கைராசியாம் கைராசி. என் தோட்டத்துல பாதி போகப்போகுது."

"அவளுக்குத் தெரியாதுக்கா" என்றார் குழிக்காரர்.

"யாருக்கு என்ன தெரியும்? காசு வாங்காம ஒருத்தி கொடுக்கிறாள்னா அப்பவே யோசிச்சிருக்கணும்" என்றார் கொட்டகைக்காரர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். குழிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இதற்குப் பயந்துதான் அத்தனையும் செய்தார்.

"அவளை ஏன் பேசுறீங்க?" என்றது வாசலில் ஒரு குரல். சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் மண். "தாய்த்தூருக்கு நோய் வந்தது எங்கிட்டயிருந்து. மரத்துச் சண்டை அப்போ ஆத்திரம் தீரல எனக்கு. அவ இல்லாத நேரம் பார்த்து, எங்க தோட்டத்துல கோடு விழுந்த கன்று ஒண்ணைக் கொண்டுபோய் அது பக்கத்துலயே நட்டேன். தெரிஞ்சுதான் நட்டேன். அவ பாவம், அது தெரியாம உங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தா. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

இதுவரை கேட்டதற்கெல்லாம் மேலாக வசவு வந்தது. சொந்த அக்காவுக்கே குழி பறித்தவள், உருப்படுவாளா, அந்தத் தங்கமான மனுஷியை வயிறெரியச் செய்து அனுப்பினாளே என்று திட்டத் திட்ட, கைராசிக்காரி ஒரே நிமிடத்தில் மறுபடியும் தங்கமானாள். கணக்குப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே பொய் உடைந்திருக்கும்: கன்று கொடுத்தது மழையில், சண்டை வந்தது அதற்கடுத்த வெயிலில். கணக்கே தேவையில்லை. தன் தோட்டத்தில் தனக்குத் தெரியாமல் ஒரு குழி விழ முடியாது என்பது குழிக்காரருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தார். சின்னவள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

அந்த நிமிடம் பேசாமல் இருந்தது அவர் வாழ்க்கையிலேயே பெரிய கோழைத்தனம். மனைவி பெயர் மிஞ்சியது என்ற நிம்மதியும் அதிலேயே இருந்தது.

திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் அவள், பின்னால் அவர். சரிவில் அங்கங்கே தீ மூட்டியிருந்தார்கள். பச்சைத் தண்டுகள் புகைந்துகொண்டிருந்தன. எல்லை வந்ததும் அவர் நின்றார்.

"இனி இந்த ஊர்ல உன்னை ஒருத்தரும் மதிக்கமாட்டாங்க. எதுக்கும்மா அப்படிச் சொன்னே?"

அவள் கையிலிருந்த மண்ணை உதிர்த்தாள்.

"அவ எனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கா மாமா" என்றாள். "நான் அவளுக்குன்னு ஒண்ணுமே கொடுத்ததில்ல."